புள்ளி இல்லாத ஏழு

மார்ச் 3

தங்கைக்கு,

பதினொரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. போதும் என்று இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது. உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளும் அதை மேஜையிலிருந்து அலமாரிக்கும், அலமாரியிலிருந்து மேஜைக்குமாக மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முழங்கால் வலியும் ரத்தக்கொதிப்பும் என்னோடு ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகின்றன. உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இத்தனை வருஷத்தில் உன்னிடமிருந்து வந்த முதல் கடிதம். அதிலும் முக்கால்வாசி அச்சடித்த சுற்றறிக்கை. பழைய தண்டனைகளை மறு ஆய்வு செய்ய ஒரு குழு உட்கார்ந்திருக்கிறதாம். ஆகஸ்ட் முப்பத்தொன்று கடைசி நாளாம். முதலில் ஆய்வு செய்தவரே மாதிரியைத் திரும்பப் பார்த்து எழுதித் தந்தால், உன் வீட்டுக்காரரின் பறிபோன கண்காணிப்பாளர் பதவியைப் பற்றி யோசிப்பார்களாம். அடியில் உன் கையெழுத்தில் ஒரு வரி: "மறுபடி ஒரு தடவை பாருங்கள் அண்ணா."

எதைப் பார்ப்பது? மறந்திருப்பாய், சொல்கிறேன். தானியக் கிடங்கில் வரும் மூக்கு வண்டில் இரண்டு இனம் உண்டு. இரண்டும் ஓர் எள் நீளம்தான். இரண்டும் மணியில் துளை போட்டு, முட்டையிட்டு, துளையை அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளரும். வெளியே பார்த்தால் மணி முழுசாக இருக்கும். ஒன்றுக்கு முதுகில் நாலு செம்புள்ளி. அது பறக்கும், வயலில் நிற்கிற கதிரிலேயே வந்து உட்காரும். எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் பறப்பான். மற்றது ஒரே கருப்பு, பறக்காது, கிடங்கை விட்டால் அதற்கு உலகமே கிடையாது. அது நடப்பான். மூட்டையில் பறப்பான் இருந்தால் சரக்கோடு வந்தது, கிடங்குக்காரர் மேல் குற்றமில்லை. நடப்பான் இருந்தால் சுவர் விரிசலைச் சுத்தம் செய்யவில்லை என்று பொருள், குற்றம் கிடங்குக்காரருடையது.

நான்காம் கொட்டகைக் கோதுமை முழுக்க வண்டு என்று தகவல் வந்ததும் தலைமை ஆய்வகத்திலிருந்து என்னைத்தான் அனுப்பினார்கள். உன் வீட்டுக்காரர் பொறுப்பில் இருக்கிற இடம், வேறு ஆளை அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிடங்கில் நல்ல மேஜை இல்லாததால் உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். உன் வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் இருந்தா உங்களுக்குச் சங்கடம் மச்சான், பேப்பர் வாங்கிட்டு வர்றேன்" என்று தெருமுனைக்குப் போய்விட்டார். நீ காபி கொண்டுவந்து வைத்தாய். வண்டுகளுக்குப் புள்ளி இல்லை. நடப்பான் என்று எழுதினேன். சொந்தக்காரன் என்று விட்டுக்கொடுத்தான் என ஒருத்தனும் பேசக் கூடாது என்பதில் குறியாக இருந்தேன். ஒருத்தனும் பேசவில்லை.

அதற்குக் கிடைத்த மரியாதை, இரண்டே மாதத்தில் மேலிடத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம். தட்டச்சில் அடித்தது. என்னை நிற்கவைத்து வாசித்தார்கள். ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: "இறக்கை மூடியைத் தூக்கிப் பார்த்தாரா என்று அவரையே கேளுங்கள்." கேட்டார்கள். என் கண்ணையே சந்தேகப்படுகிறீர்களா என்று திருப்பிக் கேட்டேன். அறிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு பதவி உயர்வை மட்டும் மாற்றிவிட்டார்கள். எனக்கு வரவேண்டிய தலைமை ஆய்வாளர் நாற்காலி, என்னிடம் வேலை கற்ற இஸ்திரிக்குப் போனது. சட்டை மடிப்புக் கலையாத ஆள், ஆகையால் ஊரெல்லாம் அவனுக்கு அந்தப் பெயர்.

அந்தக் கடிதத்தை எழுதியது யார் என்று நானும் சொல்ல வேண்டாம், நீயும் கேட்க வேண்டாம். உன் வீட்டுக்காரருக்குத்தான் நான் போனிலேயே சொல்லிவிட்டேனே.

முதல்நிலைப் பூச்சி ஆய்வாளர்,
தலைமை ஆய்வகம்.

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். திட்டுவதற்காவது எழுதினீர்களே, அதுவே எனக்கு நிம்மதி. முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா? தடவ மாட்டீர்கள் என்று தெரியும், கேட்டு வைக்கிறேன்.

இங்கே சுகம். நான் அதே பள்ளிக்கூட அலுவலகத்தில்தான் குமாஸ்தா. இல்லை, அதே மாதிரி இன்னொன்றில். அவரை இந்தச் சின்னக் கிடங்குக்குத் தள்ளியபோது நானும் மாற்றல் வாங்கிக்கொண்டேன். அவருக்கு எடைமேடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை லாரி ஏறும், எண்ணைச் சொல்லுவார், லாரி இறங்கும். வீட்டுக்கு வந்தும் என்னைப் பார்த்தால் எடை போடுகிற மாதிரி பார்க்கிறார். "ரெண்டு கிலோ ஏறிட்டே" என்கிறார். செப்டம்பரில் ஓய்வு. அதற்குள் 'சுத்தக்குறைவு' என்று அவர் பதிவேட்டில் இருக்கிற அந்த ஒரு வார்த்தை போக வேண்டும். பதவி வராவிட்டால் போகிறது. தினம் இரண்டு தடவை சட்டை மாற்றுகிற மனுஷன் அண்ணா.

உங்களுக்குக் கடிதம் போட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். மச்சானைத் தொந்தரவு பண்ணாதே என்பார்.

விதிப்படி ஆய்வாளரிடம் இரண்டாவது மாதிரிக் குப்பி இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறதா? அது மட்டும் சொல்லுங்கள்.

தங்கை

ஏப்ரல் 2

தங்கைக்கு,

குப்பி இருக்கிறது. என் வீட்டு அலமாரியில், சவரப் பெட்டிக்குப் பின்னால். அரக்கு முத்திரை போட்டது. உடைத்தால் இன்னொரு அதிகாரி முன்னிலையில்தான் உடைக்க வேண்டும். இந்தக் கட்டடத்தில் அந்தத் தகுதியுள்ள இன்னொரு அதிகாரி இஸ்திரி ஒருவன்தான். அவன் அறைக்குள் நான் கால் வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. கோப்புகளைக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு வந்துவிடுவேன். ஆகவே நடக்கிற காரியமில்லை.

மொட்டைக் கடிதத்தைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. கவனித்தேன். புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று இருக்கிறாய் போலிருக்கிறது. அது உன் கடமையாக இருக்கலாம்.

டிசம்பரில் எனக்கும் ஓய்வு. முப்பத்திரண்டு வருஷமாக ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே ஜன்னல். கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்தக் கடிதத்தையே மூன்று நாற்காலியில் எழுதியிருக்கிறேன். மருத்துவர் அது ரத்தக்கொதிப்பு என்கிறார். நடக்கச் சொல்கிறார். கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த அலமாரியைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

முதல்நிலைப் பூச்சி ஆய்வாளர்

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

அலமாரியை இடம் மாற்றிப் பாருங்கள். அல்லது சமையலை நிறுத்திவிடுங்கள். எப்படியும் நீங்கள் சமைப்பதை உங்களைத் தவிர யாரும் சாப்பிடப் போவதில்லை.

முத்திரையை உடைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு வேலை தருகிறேன். இந்தக் கிடங்குக்குப் பின்னால் வேலிக்கு அந்தப் பக்கம் கோதுமை வயல். ஞாயிற்றுக்கிழமை பழைய வெள்ளை வேட்டி ஒன்றைக் கதிருக்குக் கீழே விரித்து, கம்பால் தட்டினேன். நீங்கள் கல்லூரியில் படிக்கும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்தபடியே. அறுபத்திரண்டு வண்டு விழுந்தன. அவற்றை 'அ' டப்பாவில் போட்டிருக்கிறேன். கிடங்குச் சுவர் விரிசலில் கோழியிறகை விட்டுச் சுரண்டி எடுத்தவை 'ஆ' டப்பாவில், பதினெட்டு. 'அ' என்பது வயல், 'ஆ' என்பது சுவர். கலக்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார். அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "எல்லாம் கருப்பு எள்ளு மாதிரி இருக்கு, இதுல என்னத்தை அக்கா தங்கச்சின்னு பிரிக்கிறே" என்றார். முப்பத்தைந்து வருஷம் கிடங்கில் இருந்தும் பறப்பான் எது நடப்பான் எது என்று கேட்டால் ஓடிப்போய்விடுவார்.

பொழுதுபோக்காகப் பாருங்கள். யாருக்கும் அறிக்கை தர வேண்டாம்.

தங்கை

மே 11

தங்கைக்கு,

பொட்டலம் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, "சார், உங்க பார்சல் நடக்குது" என்றார். 'ஆ' டப்பாவின் மூடி சரியில்லை. நாலு வண்டு உறைக்குள் உலாவிக்கொண்டிருந்தன. இப்படி அனுப்பினால் என் ஆய்வகத்தில் வேலையை விட்டே நீக்குவோம். மற்றபடி மாதிரி எடுத்த விதம் ஒழுங்காக இருக்கிறது.

'ஆ'வில் உள்ள பதினெட்டும் நடப்பான். கழுத்தின் மேலுள்ள குழிகள் நீளமானவை. முதுகிலுள்ள கெட்டி இறக்கை மூடி இரண்டும் நடுவில் ஒட்டிப்போயிருக்கும், ஊசி நுழையாது. கிடங்கில் பிறந்து கிடங்கிலேயே சாகிறதுக்கு இறக்கை எதற்கு?

'அ'வில் உள்ள அறுபத்திரண்டும் பறப்பான். வயலில் வேறொன்று இருக்க வழியில்லை. ஐம்பத்தைந்துக்கு நாலு புள்ளியும் தெளிவாக இருக்கின்றன. ஏழுக்குப் புள்ளி தெரியவில்லை.

வெயில் அதிகமாக இருக்கிறது. உன் வீட்டுக்காரரை எடைமேடையில் தொப்பி போடச் சொல்.

முதல்நிலைப் பூச்சி ஆய்வாளர்

ஜூன் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

தொப்பி வாங்கிக் கொடுத்தேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. போட்டுக்கொண்டார்.

அந்த ஏழு வண்டைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். புள்ளி இல்லாமல் பறப்பான் இருக்க முடியுமா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

தங்கை

ஜூன் 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். தினம் வருகிறார், தினம் மாடியில் நடக்கிறார், காரணம் கேட்டால் கடிக்க வருகிறார் என்றார்கள். ஆக, உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த ஏழு வண்டுக்கும் இறக்கை மூடியைத் தூக்கிப் பார்த்தீர்களா?

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

தங்கை

ஜூலை 15

தங்கைக்கு,

சுகம் விசாரிக்க இன்று மனம் இல்லை.

உன் கடிதத்தை மூன்று வாரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நேற்று சலவைக்குப் போட்டபோது எடுத்து வைத்து மறுபடி படித்தேன். "இறக்கை மூடியைத் தூக்கிப் பார்த்தீர்களா." இதே கேள்வியை என்னிடம் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார்கள். நிற்கவைத்துக் கேட்டார்கள்.

பிறகு நானே உட்கார்ந்து, இல்லை, நடந்துகொண்டே யோசித்தேன். மூடி என்று ஒன்று இருப்பது உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நீயே எழுதியிருக்கிறாய். அன்று நான் பார்த்தபோது அவர் அந்த வீட்டிலேயே இல்லை. பேப்பர் வாங்கப் போனார். நான் எழுதி முடித்து உறையை ஒட்டிய பிறகுதான் திரும்பி வந்தார். இதை மார்ச் மாதம் என் கையாலேயே உனக்கு எழுதியிருக்கிறேன். பதினொரு வருஷமாக மனதுக்குள் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்த காட்சி. ஒவ்வொரு தடவையும் அவர் வெளியே போவார், ஒவ்வொரு தடவையும் குற்றவாளி அவராகவே இருப்பார். என் மூளை வேலை செய்த அழகு இது.

மேஜைக்குப் பக்கத்தில் நின்றது ஒரே ஒரு ஆள். காபி டம்ளரோடு.

ஆம் அல்லது இல்லை. ஒரு வரி போதும்.

(கையெழுத்து)

ஜூலை 23

அண்ணா,

ஆம்.

ஒரு வரி போதும் என்றீர்கள். எனக்குப் போதாது.

அன்று மேஜையில் இருபது வண்டும் வெள்ளைத் தாளில் வரிசையாக இருந்தன. ஊசி பெட்டிக்குள் இருந்தது. காபி வைக்க வந்தபோதும் பெட்டிக்குள் இருந்தது, டம்ளரை எடுக்க வந்தபோதும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. "புள்ளியைப் பார்த்து முடிவு பண்றவன் பூச்சி பார்க்க லாயக்கில்லை, மூடியைத் தூக்கணும்" என்று எனக்குப் பதினாலு வயதில் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் புருஷனுக்காகப் பேசுகிறாள் என்பீர்கள் என்று விழுங்கிவிட்டேன். நீங்கள் அப்போது பெருமையாக இருந்தீர்கள் அண்ணா. சொந்தத் தங்கை வீட்டையே விடாத நேர்மை. முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அவரை இங்கே தள்ளினார்கள். பள்ளிக்கூடத் தட்டச்சு இயந்திரத்தில், மதிய இடைவேளையில் அடித்தேன். உங்களை மறுபடி பார்க்கச் சொல்வார்கள், நீங்கள் ஊசியை எடுப்பீர்கள், அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாற்காலி போகும் என்று நினைக்கவில்லை. அது என் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. நீங்கள் போனில் அவரைக் கிழித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர், "நான் எழுதலை மச்சான்" என்று ஒரே தடவை சொன்னார். பிறகு போனை வைத்துவிட்டு, "உங்க அண்ணனுக்கு மனசு சரியில்லை, விடு" என்று சொல்லிக் கை கழுவப் போனார். அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். போன வாரம்தான் அவரிடம் சொன்னேன். சட்டையை மாற்றிக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாள் காலையில், "அந்த லெட்டர்ல பிழை இல்லாம அடிச்சியா?" என்று கேட்டார்.

நீங்கள் பேசாமல் இருந்ததாக எழுதினீர்கள். நானும்தான் இருந்தேன்.

இனி உங்களைக் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

ஆகஸ்ட் 24

தங்கைக்கு,

ஒரு மாதம் ஆகிவிட்டது. நடுவில் உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்று அசிங்கமாக இருந்தது. இன்னொன்று அழுகையாக இருந்தது, அது அதைவிட அசிங்கம்.

அந்த ஏழு வண்டின் மூடியையும் மே மாதமே தூக்கிப் பார்த்துவிட்டேன். ஏழுக்கும் உள்ளே இறக்கை இருந்தது. மடித்துவைத்த கண்ணாடிக் காகிதம் போல. புள்ளி மங்கிய பறப்பான் இருக்கும், சில சரக்கில் மொத்தமும் அப்படியே இருக்கும் என்று எனக்குத் தெரியாததா? பாடமே நடத்தியிருக்கிறேன். உனக்கு எழுதவில்லை, ஏனென்றால் எழுதினால் அடுத்த வரி என்ன என்று தெரியும். ஏற்கெனவே உட்கார முடியாமல்தான் இருந்தேன், அன்றிலிருந்து அடியோடு முடியவில்லை. ரத்தக்கொதிப்பு மேல் பழி போட்டேன்.

போன திங்கட்கிழமை குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இஸ்திரியின் அறைக்குப் போனேன். எழுந்து நின்றுவிட்டான். "உட்காருங்க சார்" என்றான்.

"உட்கார வரலை. ஒரு முத்திரை உடைக்கணும்" என்றேன்.

குப்பியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தான். "இது உங்க மாப்பிள்ளை கேஸாச்சே. சொந்தக்காரருக்குச் சாதகமா எழுதிட்டீங்கன்னு சொல்லுவாங்க."

"அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். ஊசியை நீங்க பிடிங்க. நான் தொடக்கூட மாட்டேன். எண்ணிக்கை மட்டும் சொல்றேன்."

இந்த உலகத்தில் யாரிடம் போகக் கூடாது என்று இருந்தேனோ அவன் கையில் ஊசியைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அரக்கை உடைக்கும்போது, வண்டு கெடாமலிருக்க ஊற்றியிருந்த சாராயம் சிந்தி அவன் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அந்த மடிப்பு கலைந்து பார்த்தது அன்றுதான். ஒவ்வொன்றாகத் தூக்கினான். ஒன்று, இறக்கை. இரண்டு, இறக்கை. ஏழாவதில் நிறுத்தி, "போதுமா சார்?" என்றான். அவன் குரலில் கிண்டல் இருக்கும் என்று காத்திருந்தேன். இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"இருபதும்" என்றேன்.

இருபதுக்கும் இருந்தது. பதினொரு வருஷமாக என் சவரப் பெட்டிக்குப் பின்னால் நாற்பது இறக்கை.

அங்கேயே எழுதினேன். முதல் அறிக்கை தவறு, விதிப்படி மூடியைத் தூக்கவில்லை, வண்டு சரக்கோடு வந்தது, கிடங்கின் சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கண்காணிப்பாளர் மேல் குற்றமில்லை. இஸ்திரி சாட்சிக் கையெழுத்துப் போட்டான். "இது போனா டிசம்பருக்குள்ள உங்களுக்கு ஒரு மெமோ நிச்சயம் சார்" என்றான்.

"வரட்டும்" என்றேன்.

பதிவுத் தபாலில் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரசீது இத்துடன். மாப்பிள்ளையிடம் கொடு. நான் அவரோடு பேசுவேன், ஆனால் இப்போது இல்லை. அவர் ஒரு தடவை சொன்னதை நான் நம்பவில்லை. அதை எந்த வாயால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. தொப்பி போடச் சொன்னது நான் என்று மட்டும் அவரிடம் சொல்லலாம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மன்னிக்கவில்லை. ஊசி பெட்டிக்குள் இருக்கிறது என்று அன்றே மேஜையில் தட்டிச் சொல்லியிருக்கலாம். கத்தியிருப்பேன், காபியைக் கொட்டியிருப்பேன், பிறகு ஊசியை எடுத்திருப்பேன். எடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். வயலில் தட்டும்போது வேட்டியை நாலு மூலையிலும் கல் வைத்து விரி, காற்றில் பாதி பறந்துவிடும்.

கீழே வழக்கமாக என் பதவியை எழுதுவேன். டிசம்பரோடு அது போகிறது, மெமோ வந்தால் அதற்கு முன்பே போகும். அண்ணன் என்று போடலாமா என்று அரைமணி நேரமாகப் பேனாவை வைத்துக்கொண்டு கூடத்தில் நடக்கிறேன். அறிக்கையில் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், போட வேண்டிய இடத்தில் போட்டாயிற்று. உன் மொட்டைக் கடிதம் அன்று கையெழுத்து இல்லாமல் வந்தது. யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இது யாருடையது என்று உனக்குத் தெரியும். தபால்பெட்டி தெருமுனையில்தான் இருக்கிறது. கீழே இடத்தைக் காலியாகவே விட்டு, இப்படியே கொண்டுபோய்ப் போடுகிறேன்.